நம்பிக்கையால் திறந்த பாதை: ஹுவான் பவுதிஸ்தா தெ ஆன்சாவும் கலிபோர்னியாவுக்கான குடியேற்றப் பயணமும்

சான் பிரான்சிஸ்கோ என்றதும் நம்மில் பலருக்குப் பொற்கதவுப் பாலமும் கணினி நிறுவனங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மாநகரின் பெயர் ஏழைகளின் புனிதரான அசிசி நகர் புனித பிரான்சிசின் பெயர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நகருக்கு வித்திட்ட முதல் குடும்பங்கள் கப்பலில் வந்து இறங்கியவர்கள் அல்லர். மெக்சிகோவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டு, பாலைவனத்தையும் பனிமலையையும் தாண்டி, பல மாதங்கள் தரைவழியாக வந்தவர்கள். கைக்குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் நிறைந்த அந்தக் கூட்டத்தை வழிநடத்தியவர் ஹுவான் பவுதிஸ்தா தெ ஆன்சா என்ற படைத்தலைவர். திருமுழுக்கு யோவானின் பெயரைத் தாங்கிய இவர் திறந்த பாதையையும், அது ஏழே ஆண்டுகளில் மூடப்பட்ட காரணத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

எல்லைப்புறத்தில் பிறந்தவர்

ஆன்சா 1736-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அன்று 'புதிய ஸ்பெயின்' எனப்பட்ட மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், பிரொந்தேராஸ் என்னும் எல்லைக் காவல் ஊரின் அருகே பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ஹுவான் பவுதிஸ்தா தெ ஆன்சா. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்து படைத்தலைவராக உயர்ந்தவர் அவர். சொனோராவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தரைவழி காண வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஆனால் மகன் சிறு குழந்தையாய் இருந்தபோதே, அப்பாச்சி மக்களோடு நடந்த மோதலில் அவர் கொல்லப்பட்டார்.

மகனும் இளம் வயதிலேயே படையில் சேர்ந்தார். 1760-இல் தூபாக் என்ற ஊரின் படை அரணுக்குத் தலைவரானார். இன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சிற்றூர் அது. அடுத்த ஆண்டு அனா மரியா பெரெஸ் செரானோ என்பவரை மணந்தார். தந்தையின் நிறைவேறாத ஆசையை மகன் மறக்கவில்லை.

தூபாக் ஊருக்கு வடக்கே சான் சேவியர் தெல் பாக் என்ற மறைப்பணித்தளம் உள்ளது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே நற்செய்தி அறிவித்த நம் புனித சவேரியாரின் பெயரால், இயேசு சபை அருள்பணியாளர் எவுசேபியோ கீனோ 1692-இல் நிறுவிய தளம் இது. 1767-இல் ஸ்பெயின் அரசர் இயேசு சபையினரைத் தம் நாடுகளிலிருந்து வெளியேற்றியபின், பிரான்சிஸ்கன் சபையினர் அங்கே வந்தனர். அவர்களுள் ஒருவர் அருள்பணி பிரான்சிஸ்கோ கார்செஸ். படைவீரர் துணையின்றித் தனியே பூர்வகுடி ஊர்களுக்குச் சென்று, அவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்கள் தரும் உணவை உண்டவர். கொலராடோ ஆற்றங்கரை மக்களை முன்பே சந்தித்திருந்த அவர், ஆன்சாவின் முயற்சிக்குப் பெருந்துணையானார்.

தரைவழி ஏன் தேவைப்பட்டது?

1769-இல் ஸ்பானியர் கலிபோர்னியாவின் சான் தியேகோவில் முதல் மறைப்பணித்தளத்தை நிறுவினர். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அருள்பணி ஹூனிப்பெரோ செர்ரா. 1772-க்குள் ஐந்து தளங்கள் எழுந்தன. ஆனால் உணவும் கருவிகளும் கப்பலில்தான் வர வேண்டியிருந்தது. எதிர்காற்றால் கப்பல்கள் பல வாரங்கள் தாமதமாயின. கால்நடைகளையும் குடும்பங்களையும் சிறு கப்பல்களில் பெருமளவில் ஏற்றி வர இயலவில்லை. வடக்கே அலாஸ்காவிலிருந்து ரஷ்யர்கள் இறங்கி வருவார்கள் என்ற அச்சமும் ஸ்பெயின் அரசுக்கு இருந்தது. ஆகவே நற்செய்தி ஆர்வமும் அரசியல் கணக்கும் கலந்தே இப்பயணம் பிறந்தது. இதை நாம் மறைக்கத் தேவையில்லை.

மெக்சிகோவின் வைஸ்ராய் அந்தோனியோ மரியா தெ புக்காரெலி, ஆன்சாவின் விண்ணப்பத்தை ஏற்று, முதலில் வழியைக் கண்டுவர அனுமதி தந்தார்.

முதல் பயணம் – 1774

1774 ஜனவரி 8 அன்று தூபாக்கிலிருந்து 34 பேர் புறப்பட்டனர். அருள்பணியாளர்கள் கார்செசும் ஹுவான் தியாசும் உடன் சென்றனர். வழிகாட்டியாக அமைந்தவர் செபஸ்தியான் தாராபால் என்ற பூர்வகுடி மனிதர். இவர் கலிபோர்னியாவின் சான் கபிரியேல் தளத்திலிருந்து தப்பி, பாலைவனத்தைக் கடந்து சொனோராவுக்கு வந்து சேர்ந்தவர். ஸ்பானியர் தேடிய வழியை அவர்களுக்கு முன்பே எதிர்த்திசையில் நடந்து வந்தவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஹீலா ஆறு கொலராடோ ஆற்றோடு கலக்கும் இடத்தில் குவெச்சான் மக்கள் வாழ்ந்தனர். ஸ்பானியர் அவர்களை யூமா என்று அழைத்தனர். ஆற்று வெள்ளம் வடிந்த வண்டல் நிலத்தில் சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்த உழவர்கள் அவர்கள். வறண்ட அந்தப் பகுதியில் பெரிய ஆற்றைக் கடக்க வசதியான துறை அவர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய தலைவரை ஸ்பானியர் சல்வதோர் பால்மா என்று அழைத்தனர். ஆன்சாவுக்கும் பால்மாவுக்கும் இடையே நட்பு மலர்ந்தது.

ஆற்றைக் கடந்ததும் சோதனை தொடங்கியது. மணற்குன்றுகள் வழியை மறித்தன. தண்ணீர் கிடைக்கவில்லை, விலங்குகள் சோர்ந்து விழுந்தன, தாராபாலும் வழி தவறினார். பல நாள்கள் அலைந்தபின் ஆன்சா குவெச்சான் ஊருக்கே திரும்பினார். அங்கே ஒரு துணிவான முடிவை எடுத்தார். தம் சுமைகளில் பெரும்பகுதியையும் களைத்த விலங்குகளையும் பால்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, இலகுவாகப் புறப்பட்டு, மணற்குன்றுகளைத் தெற்கே சுற்றிச் சென்றார். மார்ச் 22 அன்று சான் கபிரியேலை அடைந்தார். ஏப்ரலில் மான்டெரே வரை சென்று, மே மாத இறுதியில் தூபாக் திரும்பினார்.

திரும்பும் வழியில் பார்த்தபோது, பால்மா தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பாதுகாத்து வைத்திருந்தார். அந்நியர் ஒருவர் நம்பி விட்டுச்சென்ற பொருளை அவர் காத்தார். இந்த நம்பிக்கையின் மேல்தான் அடுத்த ஆண்டின் பெரும்பயணம் அமைந்தது.

ஏழைகளைத் தேடி

லெப்டினன்ட் கர்னலாகப் பதவி உயர்வு பெற்ற ஆன்சாவுக்கு இம்முறை தரப்பட்ட பொறுப்பு, குடும்பங்களை அழைத்துச் செல்வது. அவர் சினலோவா பகுதியின் குலியாக்கான் முதலிய ஊர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தார். அங்குள்ள மக்கள் கடும் வறுமையில் மூழ்கியவர்கள் என்று அவரே வைஸ்ராய்க்குத் தெரிவித்திருந்தார். சம்பளத்தைப் பணமாகக் கையில் கொடுத்தால் சூதாட்டத்தில் தொலைத்துவிடுவார்கள் என்று கருதி, உடையாகவும் பொருளாகவும் முன்கூட்டியே தர ஏற்பாடு செய்தார். ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவருக்கும் காலணி முதல் பெண்களின் தலைமுடி நாடா வரை அரசு செலவில் வழங்கப்பட்டது.

இவர்களில் தூய ஸ்பானியர் சிலரே. பெரும்பாலோர் ஸ்பானிய, பூர்வகுடி, ஆப்பிரிக்க இரத்தம் கலந்தவர்கள். சொந்த மண்ணில் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள். புது நாட்டில் நிலமும் மதிப்பும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புடன் அவர்கள் கிளம்பினார்கள். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்புவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

1775 செப்டம்பர் 29, அதிதூதர்களான புனித மிக்கேலின் திருநாள். அன்று ஓர்காசித்தாஸ் என்ற ஊரிலிருந்து பயணம் புறப்பட்டது. குவாதலூப்பே அன்னையும், புனித மிக்கேலும், அசிசி புனித பிரான்சிசும் பயணத்தின் பாதுகாவலர்களாகத் தேர்ந்துகொள்ளப்பட்டனர். ஆன்ம குருவாக வந்தவர் அருள்பணி பெத்ரோ ஃபோன்ட் என்ற பிரான்சிஸ்கன். இசை அறிந்தவர், விண்மீன்களையும் சூரியனையும் நோக்கி இடத்தின் அட்சரேகையைக் கணக்கிடத் தெரிந்தவர், வழி நெடுகிலும் நோயால் வருந்தியவர். அவர் எழுதிய நாட்குறிப்பும் ஆன்சாவின் நாட்குறிப்பும்தான் இன்று நமக்கு இப்பயணத்தின் கண்ணாடிகளாக உள்ளன.

தூபாக்கை அடைவதற்கு முன்பே ஓர் அடி விழுந்தது. அப்பாச்சியர் அங்கிருந்த ஏறத்தாழ 500 குதிரைகளை ஓட்டிச் சென்றுவிட்டனர். மாற்றுக் குதிரைகள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆயினும் அக்டோபர் 23 அன்று, திருப்பலிக்குப்பின், ஏறத்தாழ 240 பேர் தூபாக்கிலிருந்து புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சிறுவர் சிறுமியர். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் 695, மாடுகள் 355 என்று ஃபோன்ட் எழுதி வைத்துள்ளார்.

முதல் இரவு

புறப்பட்ட முதல் நாள் மாலையே, தூபாக்கிலிருந்து சில மைல் தொலைவில் கூடாரம் அடித்திருந்தபோது, மனுவேலா பின்யுவெலாஸ் என்ற தாய்க்குப் பேறுகால வலி கண்டது. கால் முன்வந்த கடினமான பேறு. ஆண் குழந்தை உயிரோடு பிறந்தது. ஆனால் விடியும் முன் தாய் இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே பல பிள்ளைகள். கணவர் விசென்தே ஃபெலிஸ், படைவீரர்.

மறுநாள் மழை பெய்தது. அவருடைய உடலைச் சான் சேவியர் தெல் பாக் தளத்துக்கு எடுத்துச் சென்றனர். அங்கே கார்செஸ் அடிகளார் அடக்கச் சடங்கை நிறைவேற்றினார். புனித சவேரியாரின் பெயர் தாங்கிய அந்த ஆலயத்தில் அடக்கமும், குழந்தையின் திருமுழுக்கும், பயணத்தில் வந்த சில இணைகளின் திருமணமும் அடுத்தடுத்து நடந்தன. கணவர் ஃபெலிஸ் பிள்ளைகளோடு பயணத்தைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் லாஸ் ஆஞ்சலஸ் ஊரின் தொடக்க ஆண்டுகளில் பொறுப்பாளராக இருந்தவர் இவரே.

தூபாக்கிலிருந்து கலிபோர்னியா செல்லும் நெடுவழியில் இறந்தவர் மனுவேலா ஒருவர்தான். வழியில் பிறந்த குழந்தைகளைக் கணக்கிட்டால், புறப்பட்டவர்களைவிடச் சேர்ந்தவர்கள் அதிகம். அக்காலப் பயணங்களில் இது மிக அரிது. காரணம் எளிது. ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் வந்தால் முழுக் கூட்டமும் நின்றது. நோயாளி எழுந்து குதிரையேறும் வரை காத்திருந்தது. கூட்டத்தின் வேகத்தைத் தீர்மானித்தவர்கள் வலியவர்கள் அல்லர், கூட்டத்தில் மிகவும் நலிந்தவர்களே.

ஒருநாள் எப்படி நடந்தது?

காலையில் விலங்குகளைத் திரட்டிச் சுமை ஏற்றுவார்கள். இயலும்போதெல்லாம் திருப்பலி நடைபெறும். புறப்படும் வேளையில் ஃபோன்ட் அடிகளார் 'அலபாதோ' என்ற புகழ்ப்பாடலைத் தொடங்க, மக்கள் அனைவரும் சேர்ந்து பாடுவார்கள். முன்னே வழிகாட்டும் வீரர்கள், பின்னே தளபதி, அவருக்குப்பின் குடும்பங்கள், கடைசியில் சுமை விலங்குகளும் மாட்டு மந்தையும். மாலையில் தண்ணீரும் புல்லும் உள்ள இடம் பார்த்துக் கூடாரம் அடிப்பார்கள். இரவில் ஒவ்வொரு குடும்பமும் தன் கூடாரத்தில் செபமாலை சொல்லி, இறுதியில் 'கிருபை தயாபத்து' செபத்தைப் பாடும். ஒவ்வொரு கூடாரமும் தனக்குத் தெரிந்த இராகத்தில் பாடியதால் கேட்க இனிமையாக இருந்தது என்கிறார் ஃபோன்ட்.

நவம்பர் 30 அன்று, கூட்டம் கொலராடோ ஆற்றைக் கடந்தது. பால்மாவின் மக்கள் பூசணியும் தானியமும் கொண்டுவந்து தந்தனர். ஆற்றைக் கடக்கவும் உதவினர். நோயுற்றிருந்த ஃபோன்ட் குதிரைமேல் அமர, இருபுறமும் ஆள்கள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டனர். கார்செஸ் அடிகளாரையோ குவெச்சான் மனிதர் மூவர் படுத்த நிலையில் தோளில் சுமந்து அக்கரை சேர்த்தனர். ஒருவரும் ஆற்றில் உயிரிழக்கவில்லை. வைஸ்ராய் அனுப்பிய உடையைப் பால்மாவுக்கு ஆன்சா அணிவித்தார். கார்செசும், தோமாஸ் எய்சார்க் என்ற மற்றோர் அருள்பணியாளரும் குவெச்சான் மக்களோடு தங்கினர்.

பாலையில் பனியும் பாலன் பிறப்பும்

அடுத்து வந்தது மணற்பாலை. அங்குள்ள கிணறுகளில் நீர் ஊறுவது மெதுவாக. 240 பேரும் ஆயிரம் விலங்குகளும் ஒன்றாகச் சென்றால் எவருக்கும் போதாது. எனவே ஆன்சா கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்பினார். முன் சென்றவர்கள் கிணற்றை ஆழப்படுத்தினார்கள், பின் வந்தவர்கள் அடுத்த ஊற்றைப் பருகினார்கள்.

ஆனால் அவ்வாண்டுக் குளிர் எதிர்பாராத கடுமையுடன் வந்தது. பாலைவனத்தில் பனி விழுந்தது. மாடுகள் குளிராலும் தாகத்தாலும் மடிந்தன. கடைசிப் பிரிவை அழைத்து வந்த லெப்டினன்ட் ஹோசே ஹோவாக்கின் மொராகா, தம் மக்களைக் காக்கக் குளிரில் அலைந்து, காது கேளாதவரானார். டிசம்பர் 17 அன்று மூன்று பிரிவுகளும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

உயிர் தப்பிய மகிழ்ச்சியில் அன்றிரவு மக்கள் ஆடிப்பாடினர். துணிச்சலான ஒரு கைம்பெண் சற்றே கொச்சையான பாட்டொன்றைப் பாட, கூட்டம் கைதட்டியது. அவருடன் வந்த ஆண் சினங்கொண்டு அவரை அடித்தான். ஆன்சா குறுக்கிட்டு அவனைக் கண்டித்தார். ஃபோன்ட் அடிகளாரோ, அவன் செய்தது சரியே என்றார். தம் கண்முன் இத்தகைய அத்துமீறலை அனுமதிக்க முடியாது என்று தளபதி பதிலளித்தார். இதை எழுதி வைத்தவர் ஃபோன்ட் தாமே. அந்தக் கைம்பெண் மரியா ஃபெலிசியானா ஆர்பாயோ என்றே பலரும் கருதுகின்றனர். இரு சிறுமியரோடு வந்த அவர் சான் கபிரியேலிலேயே மறுமணம் செய்து தங்கினார். மெக்சிகோ ஆட்சியில் கலிபோர்னியாவின் கடைசி ஆளுநராக இருந்த பியோ பிக்கோ அவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

டிசம்பர் 24. மலைக் கணவாய் ஒன்றில் கூட்டம் தங்கியிருந்தது. பெருவிழாவை முன்னிட்டு ஆன்சா மக்களுக்குச் சாராயம் பகிர்ந்தளித்தார். ஃபோன்ட் கடிந்துகொண்டார். பலர் குடித்துக் களித்தனர். அந்த இரவில்தான் கெர்த்ரூதிஸ் ரிவாஸ் என்ற தாய் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று ஃபோன்ட் அடிகளார் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்து, சல்வதோர் இக்னாசியோ என்று பெயரிட்டார். சல்வதோர் என்றால் மீட்பர். தாய் இளைப்பாறட்டும் என்று அன்று பயணம் நிறுத்தப்பட்டது. சத்திரத்தில் இடமில்லாத பெத்லகேம் இரவை நினைவூட்டிய அந்நாளில், குடித்தவர்களும் கடிந்தவரும் காத்திருந்தவர்களும் ஒரே கூடாரக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

1776 ஜனவரி 4 அன்று அவர்கள் சான் கபிரியேலை அடைந்தனர். ஆனால் அங்கே துயரச் செய்தி காத்திருந்தது. இரு மாதங்களுக்கு முன், நவம்பரில், குமேயாய் மக்கள் சான் தியேகோ தளத்தைத் தாக்கி, அருள்பணி லூயிஸ் ஹைமே உட்படச் சிலரைக் கொன்றிருந்தனர். ஆன்சா வீரர்கள் சிலரோடு அங்கு உதவிக்குச் சென்று திரும்பியபின், பயணம் தொடர்ந்தது. மார்ச் 10 அன்று மக்கள் மான்டெரே வந்து சேர்ந்தனர்.

புனித பிரான்சிசின் வளைகுடாவில்

குடும்பங்களை மான்டெரேயில் விட்டு, ஆன்சா, ஃபோன்ட், மொராகா ஆகியோர் சில வீரர்களோடு வளைகுடாவைக் காணச் சென்றனர். மார்ச் 28 அன்று, கடல்வாயை நோக்கிய வெண்பாறை மேட்டில் சிலுவை நட்டு, படை அரணுக்கான இடத்தை ஆன்சா குறித்தார். மறுநாள் ஓர் ஓடையைக் கண்டார்கள். அன்று புனித வாரத்துக்கு முந்திய வெள்ளி, வியாகுல அன்னையின் நாள். எனவே அந்த ஓடைக்கு 'தொலோரெஸ்', அதாவது வியாகுலங்கள், என்று பெயரிட்டனர்.

ஆன்சா அங்கே குடியேற்றம் நிறைவேறுவதைக் காணவில்லை. அவருக்கு ஒப்படைக்கப்பட்டது மக்களை மான்டெரே வரை கொண்டு சேர்ப்பது. ஏப்ரல் 14 அன்று அவர் குதிரையேறியபோது, மக்கள், குறிப்பாகப் பெண்கள், அழுதுகொண்டு சூழ்ந்தனர். ஊரைப் பிரிந்த துயரைவிட அவரைப் பிரியும் துயரே பெரிது என்று அவர்கள் சொன்னதாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர்களை அவர் மீண்டும் கண்டதில்லை.

மொராகாவே மக்களை வடக்கே அழைத்துச் சென்றார். 1776 ஜூன் 27 அன்று அவர்கள் தொலோரெஸ் ஓடையருகே வந்தனர். ஜூன் 29, திருத்தூதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவன்று, அருள்பணி பிரான்சிஸ்கோ பலோவ் கிளைகளால் அமைத்த பந்தலில் திருப்பலி நிறைவேற்றினார். செப்டம்பர் 17 அன்று படை அரணும், அக்டோபரில் மறைப்பணித்தளமும் முறைப்படி தொடங்கப்பட்டன. 1791-இல் முடிக்கப்பட்ட அதன் மண்செங்கல் ஆலயம் 1906-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் தப்பி, இன்றும் நிற்கிறது. ஆன்சா அழைத்து வந்த குடும்பங்களில் சில 1777-இல் சான் ஹோசே ஊரையும் தொடங்கின.

பாதை மூடப்பட்டது

இக்கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு மனநிறைவாக இருக்கும். ஆனால் உண்மை வரலாறு வேறு.

ஆன்சா திரும்பும் வழியில் பால்மாவைத் தம்மோடு மெக்சிகோ நகருக்கு அழைத்துச் சென்றார். 1777 பிப்ரவரி 13 அன்று அந்நகரின் பேராலயத்தில் பால்மா திருமுழுக்குப் பெற்றார். தம் மக்களுக்கு அருள்பணியாளர்களையும் ஸ்பானியரின் நட்பையும் அவர் விரும்பிக் கேட்டார். வாக்குறுதி தரப்பட்டது. ஆனால் ஆண்டுகள் கடந்தன. ஆன்சா நியூ மெக்சிகோவின் ஆளுநராக அனுப்பப்பட்டார். பால்மா தம் மக்கள் முன் பொய்யர்போல் நின்றார்.

1780-இல்தான் ஸ்பானியக் குடியேறிகள் வந்தனர். போதிய பொருளோ பரிசுகளோ இல்லை. வந்த குடியேறிகள் குவெச்சான் மக்களின் விளைநிலங்களை எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய கால்நடைகள் பயிர்களை மிதித்தன. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1781 கோடையில் பெருமந்தையுடன் வந்த மற்றொரு ஸ்பானியக் கூட்டம், அந்த மக்கள் உணவுக்கு நம்பியிருந்த மெஸ்கீட் மரங்களையும் மேயவிட்டது.

ஜூலை 17 அன்று, திருப்பலி வேளையில் கிளர்ச்சி வெடித்தது. அருள்பணியாளர்கள் தியாஸ், மொரேனோ, பாரெனேச்சே, கார்செஸ் ஆகிய நால்வர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்நாள்களில் கொல்லப்பட்டனர். ஒரு காலத்தில் கார்செஸ் அடிகளாரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திய மக்களின் கரையில்தான் அவர் உயிர் பிரிந்தது. பிடிபட்ட பெண்களும் குழந்தைகளும் பின்னர் மீட்கப்பட்டனர். ஸ்பானியருக்கு அந்தத் தரைவழி மூடிப்போனது. ஆன்சா திறந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

குவெச்சான் மக்களின் நல்லெண்ணத்தை ஆன்சா மிகைப்படுத்திச் சொன்னார் என்று மேலதிகாரிகள் குறை கூறினர். ஆனால் அவர் சொன்னது பொய்யல்ல. அந்த நல்லெண்ணத்துக்கு ஈடாகத் தரப்பட்ட வாக்குதான் காக்கப்படவில்லை.

ஆளுநர் ஆன்சா

நியூ மெக்சிகோவில் ஆன்சா 1779 செப்டம்பரில் கொமாஞ்சே மக்களின் தலைவர் குவெர்னோ வெர்தெயைப் போரில் வென்றார். ஆனால் அவரைப் பற்றி இன்றும் பேசப்படுவது அந்த வெற்றியைவிட, 1786-இல் கொமாஞ்சே தலைவர் எக்குவெராகாபாவுடன் செய்துகொண்ட அமைதி உடன்பாடு. பல தலைமுறைகள் நிலைத்த உடன்பாடு அது. 1788 டிசம்பர் 19 அன்று, தம் 52-ஆம் வயதில், சொனோராவின் அரிஸ்பே நகரில் ஆன்சா இறந்தார். அந்நகரின் விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1990-இல் அமெரிக்க அரசு, அரிசோனாவின் நோகாலெஸ் முதல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா வரை ஏறத்தாழ 1,200 மைல், அதாவது 1,900 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இவ்வழியைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது. குவெச்சான் மக்கள் இன்றும் அதே ஆற்றங்கரையில் வாழ்கின்றனர். 1781-இல் தாக்கப்பட்ட தளம் இருந்த குன்றின்மேல் புனித தோமா ஆலயம் நிற்கிறது.

சிந்தனைக்கு

இப்பாதை ஆளில்லாத நிலத்தில் போடப்பட்டது அல்ல. ஓதம், குவெச்சான், கவீயா, சூமாஷ், ஓலோனி முதலிய மக்களின் ஊர்கள் வழியாகவே அது சென்றது. அவர்களுடைய கால்தடங்களே பாதையாயின. குடியேறிகள் வாழ்வடைந்த அதே இடங்களில், பூர்வகுடி மக்கள் புதிய நோய்களாலும் கட்டுப்பாடுகளாலும் பெருந்தொகையாய் அழிந்தனர். தொலோரெஸ் தளத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடியினர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். வியாகுலம் என்ற பெயர் அந்த இடத்துக்கு வேறொரு பொருளிலும் பொருந்திப் போனது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜூலையில் பொலிவியா நாட்டில், அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்றிய காலத்தில் பூர்வகுடியினருக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் செர்ரா அடிகளாரைப் புனிதராகவும் உயர்த்தினார். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

ஆன்சாவின் வாழ்வு நமக்கு ஒரு கேள்வியை விட்டுச்செல்கிறது. பேறுகாலத் தாய் ஒருவருக்காக முழுக் கூட்டத்தையும் நிறுத்தத் தெரிந்தவர்கள், ஆற்றங்கரையில் தங்களை வரவேற்ற மக்களின் வயலுக்காகத் தங்கள் மந்தையை நிறுத்தவில்லை. தம்மவரைக் காப்பது போலவே தம்மை வரவேற்றவரையும் காத்திருந்தால், அந்தப் பாதை திறந்தே இருந்திருக்கும்.

நம் குடும்பத்தில், பங்கில், பணியிடத்தில், நம்மை நம்பிப் பொருளையோ பொறுப்பையோ ஒப்படைத்தவர்கள் இருப்பார்கள். நாம் கொடுத்துவிட்டுப் பின்னர் மறந்துபோன வாக்குக்காக, தம் மக்கள் முன் தலைகுனிந்து நிற்கும் பால்மாக்களும் இருக்கலாம். அவர்களில் ஒருவரையாவது இந்த வாரம் நினைத்துப் பார்த்து, அவருக்குத் தந்த வாக்கை நிறைவேற்ற முயல்வோம்.